டிவி மேல் விழுந்த அட்சதை

அன்புள்ள பாப்பா,

உனக்கு நடக்காத ஒரு நிச்சயதார்த்தத்தில் நான் அழுதிருக்கிறேன். அன்றைக்கு என் கண் கலங்கியதைப் பார்த்து நீ கேட்டபோது, சமையல் புகை என்று சொன்னேன். நீயும் உன் அம்மாவும் நம்பியதைப் போலத் தலையாட்டினீர்கள். அங்கே அடுப்பே மூட்டவில்லை என்பதும், சாப்பாடு வில்லியனூரில் வெந்து வேனில் வந்து இறங்கியது என்பதும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன், ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தில் பெண்ணைப் பெற்றவனாக நின்று மூக்கை உறிஞ்சினேன். அதுவும் வாடகைக்கு விடுகிற மேஜை விரிப்பில் துடைத்துக்கொண்டேன். இதைச் சொல்லிவிட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? மீதியையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ காரைக்கால் போகிறாய். பாகூரில் செய்ததை அங்கேயும் செய்யச் சொல்லி உன் பள்ளிக்கூடத்தில் அனுப்புகிறார்கள். "கடைக்காரங்களையும் ஊர் ஜனங்களையும் எப்படிச் சேர்த்தீங்கன்னு எழுதிக் கேட்டிருக்காங்கப்பா. உன் பக்கத்துக் கதைய நீயும் ரெண்டு வரி எழுதிக் குடு, எடுத்துக்கறேன்" என்று போன வாரம் சொன்னாய். இரண்டு வரியில் நிறுத்த எனக்குத் தெரியாது. பந்தல் தொழிலில் இருக்கிறவன் வாசலுக்குப் போடச் சொன்னால் தெருமுனைவரை போட்டுவிட்டுத்தான் இறங்குவான். உனக்கென்று எழுதினாலும், அங்கே வரப்போகிற புது ஆசிரியர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. எனக்கு மானக்கேடாக இருக்கிற இடங்களை வெட்டிவிடலாம். வெட்டினால் மேலே இருக்கிற 'அன்புள்ள பாப்பா' மட்டும்தான் மிஞ்சும், பரவாயில்லை.

ஆன்லைன் பள்ளிக்கூடத்தில் வேலை என்று நீ முதன்முதலில் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணி இல்லை, மைதானம் இல்லை, வாத்தியார் பெங்களூரில், பிள்ளைகள் பாகூரில். இது பள்ளிக்கூடமா, பக்கத்து வீட்டு டிவியை எட்டிப் பார்ப்பதா? கடைக்கு வந்து "பாப்பா இன்னா பண்ணுது?" என்று கேட்டவர்களிடம் பேங்கில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்தேன். ஒருவர் நகைக் கடனுக்கு உன்னைத் தேடி வந்ததும், நீ அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "அப்பாவுக்கு இப்பதான் வேலை மாறினது சொன்னேன், மறந்துட்டாரு" என்று என் மானத்தையும் காப்பாற்றி அனுப்பியதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் வெட்கத்தோடு ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிற உன் சென்டருக்கு மாடி ஏறி வந்தேன். ஒன்பதாவதோடும் பத்தாவதோடும் நின்றுபோன பிள்ளைகள், ஆளுக்கொரு திரை முன்னால். அதில் மூர்த்திக்குப்பத்து தேவிகா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, அந்த ஃபேன் சத்தம் போடுது பாருங்க, பேரிங் போயிடுச்சி" என்றாள். அவள் படிக்கிற படிப்பு அது: ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார்.

அந்தப் படிப்பில்தான் உனக்குச் சிக்கல் வந்தது. பாடம் திரையில் வந்துவிடும். கை பழக வேண்டுமே? பருவம் தொடங்குவதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளூரிலேயே ஒரு கடையோ பட்டறையோ பண்ணையோ பார்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாகூர் சென்டரை மூடிவிடுவோம், பிள்ளைகள் வீட்டிலிருந்து போனில் படித்துக்கொள்ளட்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். போன் இருக்கிற வீட்டுக்கு அது சரி. தேவிகா வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் அண்ணனோடு கடலுக்குப் போய்விடும். அவள் அம்மா, மீன் விற்கிற பெண்மணி, உன்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாளே: "சென்டர் இருந்தா படிக்கட்டும் டீச்சர். இல்லாட்டி வூட்ல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அக்காளக் குடுத்தா மாதிரி இவளயும் குடுத்துடுவேன்." அன்று ராத்திரி நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், சாப்பிடவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். இந்த மனிதனால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்கிற பார்வை அது.

நீ உன் வழியில் முயற்சி செய்துவிட்டுத்தான் இருந்தாய். அழகான நோட்டீஸ் தயாரித்து, கொட்டை எழுத்தில் 'பங்குதாரர் கலந்தாய்வு' என்று போட்டு, கடைக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். எல்லாரும் கை கூப்புகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டத்துக்கு வந்தது ஒருவர். அவரும் ஏதோ லோன் கொடுக்கிறார்கள் என்று நினைத்து ஆதார் நகலோடு வந்தவர். நீ அவருக்கு மட்டும் முழுக் கூட்டத்தையும் நடத்தி அனுப்பினாய். கையெழுத்து போடுகிற இடம் எங்கே என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"இதை என்கிட்ட வுடு" என்று நான் சொன்னது அப்போதுதான். பாப்பா, எனக்கு ஆட்களை அழைக்கத் தெரிந்தது ஒரே வழி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் வைத்துக்கொண்டு, பெண்டாட்டியோடு நேரில் போய் நிற்பது. சும்மா போனில் கூப்பிட்டால் யார் வருவார்கள்? உன் அம்மா முதலில் சுங்குடியில்தான் கிளம்பினாள். தட்டு ஏந்துகிற கைக்கு அது நன்றாக இல்லை என்று அவளே உள்ளே போய்ப் பட்டுக்கு மாறி வந்தாள். கிருமாம்பாக்கத்தில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செல்வம், ஏம்பலத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிற அஞ்சலை அம்மா, மதகடிப்பட்டு டயர் கடைக்காரர் என்று எனக்குத் தெரிந்தவர்கள், நான் சேர் போட்டவர்கள் எல்லார் வாசலிலும் போய் நின்றோம். "நம்ம பாப்பாவோட விசேஷம். ஞாயித்துக்கெழம காலைல, பாகூர்ல. சின்னதாத்தான். குடும்பத்தோட வரணும்." இவ்வளவுதான் சொன்னேன். ஒருவரும் விவரம் கேட்கவில்லை. வயது கடந்துகொண்டே போகிற பெண்ணைப் பெற்றவனிடம் நம் ஜனங்கள் துருவிக் கேட்க மாட்டார்கள். தட்டு வந்தால் போதும் என்று கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள். அஞ்சலை அம்மா மட்டும் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊரு அக்கா?" என்றார். பள்ளிக்கூடத்தின் தலைமை அலுவலகத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, நான் பெருமையாக முந்திக்கொண்டு "பெங்களூரு" என்றேன். "நல்ல எடம்" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்துக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று நான் வண்டியில் வரும்போது உன் அம்மாவிடம் வியந்தேன். அவள் மடியிலிருந்த தட்டில் பாக்கைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். இன்றைக்குவரை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

மீதியை நம் ஆட்கள் செய்துவிட்டார்கள். சென்டர் வாசலில் ஷாமியானா மட்டும் போடச் சொன்னேன். கை பழக்கம், இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரத்தைக் கட்டிவிட்டார்கள். மைக் செட் பாபு கேட்காமலேயே நாதஸ்வரம் போட்டுவிட்டான். காலையில் நீ லேப்டாப்போடு மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலைப் பார்த்தாய். "அப்பா, இது இன்னாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வேன் வேனாக ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் பட்டில். செல்வத்தின் மனைவி கையில் தட்டு, அதில் புடவை. அஞ்சலை அம்மா கையில் பூச்சரம், வந்தவர் நேராக உன் தலையில் வைத்துவிட்டு, "சிம்பிளா சுடிதாரே போதும்னுட்டியாடி? இந்தக் காலத்துப் பொண்ணுங்களே தனி" என்று கன்னத்தைத் தொட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். நான் வாழை இலை நேராக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். வேறு எங்கே போவது?

பிறகு டிவி. பெங்களூரிலிருந்து உங்கள் பள்ளியின் தலைவர் திரையில் வந்தார். இளவயது, ட்ரிம் செய்த தாடி, நீலச் சட்டை. பாவம், ஒரு வாரமாகத் தமிழ் பழகியிருப்பார் போலிருக்கிறது. "எல்லாருக்கும் வணக்கம். உங்க ஊரோட எங்க உறவு இன்னிக்கி ஆரம்பம் ஆகுது" என்றார். முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. என் காதுக்கு எட்டியதை எழுதுகிறேன்.

"இவருதானா?"

"ஆமாங்கறேன். கலராத்தான் இருக்காரு."

"நேர்ல வந்திருக்கலாம்."

"லீவு குடுத்திருக்க மாட்டான். இப்பல்லாம் நிச்சயம் ஆன்லைன்லதான்டி."

"தமிழு தடவுது."

"நம்ம பாப்பா கத்துக்குடுத்துடும். வாத்தியாருதானே!"

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. செல்வத்தின் மனைவி தட்டிலிருந்து மஞ்சள் அரிசியை எடுத்து டிவி மேல் போட்டார். அடுத்தவர் போட்டார். அந்த மனிதர் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, நம் ஊரில் பள்ளிக்கூடத்தை இப்படித்தான் வரவேற்பார்கள் போல என்று கையெடுத்துக் கும்பிட்டார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. "பெரியவங்கள மதிக்கிறாரு பாரு" என்று ஒரு குரல். பாதி அரிசி உன் தலையிலும் விழுந்தது.

நான் அழுதது அப்போதுதான். எல்லாம் தப்பு என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெரியும். ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் வீட்டு வாசலில் சேரைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, நம் வீட்டுக்கு இது எப்போது என்று நான் நினைத்துக்கொண்டதை உன்னிடம் சொன்னதில்லை. ஊரே வந்து உன்னை வாழ்த்துகிறது. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. அதற்காக என்னை நீ மன்னித்துவிட்டாய் என்று தெரியும். ஆனால் எதனால் நான் அசைந்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குக் கோபமே இல்லை. உன் கண் முழுக்கப் பின்னால், கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம் நின்றிருந்த பிள்ளைகள் மேல் இருந்தது. தேவிகா தன் அம்மாவோடு நின்றிருந்தாள். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்காகக் கூட்டிய கூட்டத்தில் அவளுக்கு ஒரு சேர் இல்லை, அதுவும் சேர் கடைக்காரன் நடத்திய கூட்டத்தில்.

மேலே ஃபேன் சுழல்வது நின்றது. டிவியும் அணைந்து, மாப்பிள்ளையாகிவிட்ட மனிதர் மறைந்தார். நான் போய் மைக்கைப் பிடித்தேன். "எல்லாரும் என்ன மன்னிக்கணும். இது நிச்சயதார்த்தம் இல்ல. திரையில வந்தவர் மாப்ள இல்ல, பாப்பாவோட மேனேஜரு. தட்டோட வந்தது என் புத்தி. பின்னால நிக்குதே புள்ளைங்க, அதுங்களுக்குக் கை வேல கத்துக்க ஒரு எடம் வேணும். எடம் கெடைக்காட்டி இந்த ஸ்கூல மூடிடுவாங்க. அதுக்குத்தான் கூப்புட்டேன். வேற எப்படிக் கூப்புடறதுன்னு எனக்குத் தெரியல" என்றேன். வேர்வை ஊற்றுகிறது, ஒருவர்கூட விசிறிக்கொள்ளவில்லை. அப்படி ஓர் அமைதியை நான் எந்தப் பந்தலிலும் பார்த்ததில்லை. கடைசி வரிசைவரை வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் செல்வம்தான் எழுந்தார். "அதனால இன்னாண்ணே? மாப்ள இருந்தாத்தான் சோறு போடுவியா? அந்த மெக்கானிக் பொண்ணு எது, கூப்புடு." அஞ்சலை அம்மா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு "பூவத் திருப்பித் தர வேணாம்டி, வெச்சிக்க" என்று உன்னிடம் சொல்லி, இரண்டு பிள்ளைகளைப் பண்ணைக்குக் கேட்டார். நீ ஒவ்வொரு வரிசையாகப் போய்ப் பேசினாய். இலை போடுவதற்குள் எல்லாப் பிள்ளைக்கும் இடம் கிடைத்துவிட்டது. தட்டில் வந்த பழமெல்லாம் பிள்ளைகளுக்குப் போனது. புடவைகளை வீடு வீடாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதிப் பேர், "இருக்கட்டும், வைங்க" என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இதிலிருந்து நீ காரைக்காலுக்கு எடுத்துப் போகவேண்டியது என்ன? கடைக்காரரிடம் 'பங்குதாரர்' என்று பேசாதே. அந்த வார்த்தைக்கு அவர் கல்லாவைப் பூட்டிவிடுவார். அவர் கடையில் எந்த வேலைக்குக் கை போதவில்லை என்று கேள். அறுவடை நேரத்தில் பண்ணைப் பக்கம் போகாதே. படகு கரையேறுகிற நேரத்தில் குப்பத்துப் பக்கம் போய்ப் படிப்பைப் பற்றிப் பேசாதே. பிள்ளையை ஓர் இடத்தில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. இதை உனக்கு நான் சொல்வது அழகில்லை, நீதான் எனக்குக் காட்டினாய். அந்த பேக்கரி விஷயத்தில் நான் செய்தது ஞாபகம் இருக்கிறதா? அனுப்பிய பிள்ளை வாரக்கணக்கில் தட்டு மட்டுமே கழுவுகிறான் என்று தெரிந்து நீ கிளம்பினாய். அந்தக் கடைக்காரர் என்னிடம் பாத்திரம் எடுக்கிற பெரிய வாடிக்கை. "கொஞ்சம் விட்டுப் புடி பாப்பா" என்று தடுத்தேன். நீ போய்ச் சத்தம் போடாமல், "அண்ணே, இவன் எப்போ மாவு பிசைவான்?" என்று கேட்டாய். "நானும் வருசக்கணக்கா கழுவிக்கினுதான் இருந்தேன். அப்புறம்தான் மாவுல கை வெக்க வுட்டாங்க" என்றார் அவர். வெளியே வந்து நீ சொன்னது, "பாவம்பா, அவருக்கு யாரும் ஒழுங்கா சொல்லித் தரல." சண்டை இல்லாமல் பிள்ளையைக் கூட்டி வந்து வேறு இடத்தில் சேர்த்தாய். அந்த மனிதர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. பன் மட்டும் நன்றாகத்தான் போடுகிறார், வேறு ஆள் அனுப்பி வாங்கிச் சாப்பிடுகிறேன்.

செல்வத்தை நீ ஆன்லைன் வகுப்பில் பேச வைத்ததும் அப்படித்தான். கடைக்காரர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது, பள்ளிக்கூடமும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்றாய். அவர் புதுச் சட்டை வாங்கி, முடி வெட்டிக்கொண்டு, கம்ப்ரசர் பற்றிப் பாதி வகுப்பு பேசி முடித்த பிறகுதான் மைக் பட்டனை அமுக்கவில்லை என்று தேவிகா கண்டுபிடித்தாள். "இவ்ளோ நேரம் நான் தனியாவா பேசிக்கினு இருந்தேன்?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்கெங்கோ ஊர்களில் இருக்கிற பிள்ளைகள் "சார்" என்று கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டபோது அந்த மனிதரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். இப்போது மூர்த்திக்குப்பத்து ஆட்கள் ஐஸ் பெட்டி ரிப்பேருக்குப் புதுச்சேரி போவதில்லை. தேவிகா இருக்கிற கடை என்று கிருமாம்பாக்கத்துக்கே வருகிறார்கள். அவள் அம்மாவே கூடையை வாசலில் இறக்கிவிட்டு, மகள் ஸ்க்ரூ முடுக்குவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். வரன் பேச்சை எடுப்பதில்லை. என் வீட்டிலும் அந்தப் பேச்சை நான் நிறுத்திவிட்டேன். அது அவளைப் பார்த்துக் கற்றது.

நீ போய்விட்டால் இங்கே எல்லாம் தளர்ந்துவிடுமோ என்று நேற்று கவலைப்பட்டாய். படாதே. நம் ஜனங்கள் ஒன்றைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டால் விட மாட்டார்கள். பார், இத்தனை மாதம் ஆகியும், முக்கால்வாசிப் பேர் என்னைப் பார்த்தால் முதல் கேள்வியாக, "பெங்களூர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிக்கிறார்கள். எந்த ஊரில் பள்ளிக்கூடத் தலைமை அலுவலகத்தை இப்படிச் சௌக்கியம் விசாரிப்பார்கள்? நேற்று மதகடிப்பட்டு டயர் கடைக்காரர் சந்தையில் என் தோளைத் தட்டி, "வெள்ளிக்கெழம பொண்ண அனுப்புறீங்களாமே? நல்ல நாளுதான். நாங்க குடும்பத்தோட பஸ் ஸ்டாண்டுக்கு வர்றோம்" என்றார். அந்தப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். மனசு நிறைந்து, "கண்டிப்பா வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது பாபு எதிரில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் பேசியதற்கு அப்படி ஓர் அமைதி இருந்ததே என்று அவனிடம் பெருமையாகக் கேட்டேன். தலையைத் தூக்காமல் சொன்னான்: "கரண்டு போயிட்டுதேண்ணே, மைக்கு ஆஃபு. நான் ஜெனரேட்டர் கயிறு இழுக்கறதுக்குள்ள நீ பேசி முடிச்சிட்ட."